எல்லைச் சாவடியில் தடுக்கப்பட்ட எழுத்து: விழுப்புரம், திண்டிவனம் மண்ணிலிருந்து ஒரு வரலாற்றுப் பாடம்

சில மாதங்களுக்கு முன் திண்டிவனத்தில் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலின் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருவன் என் கையைப் பற்றி நிறுத்தினான். கைப்பேசியில் ஒரு திரைப்படத்தின் முன்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நம் சமுதாயத்தை வழக்கம்போல் குண்டும் துப்பாக்கியுமாகக் காட்டியிருந்தார்கள். "மாமா, இதைத் தடை செய்யச் சொல்லி மனுக் கொடுப்பது தப்பா? கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி எங்களைத்தானே எப்போதும் வாயை மூடச் சொல்கிறார்கள்?" என்று கேட்டான்.

அவனுடைய கேள்வியில் நியாயமான வேதனை இருந்தது. உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அதே வாரம் ஒரு வேலையாகப் புதுச்சேரி செல்லும் பேருந்தில் அமர்ந்திருந்தபோது அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. மாநில எல்லையில் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி மதுப் புட்டிகளைத் தேடினார்கள். நூறாண்டுகளுக்கு முன் இதே எல்லையில் காவலர்கள் வேறொன்றைத் தேடினார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அன்று தேடப்பட்டது அச்சிட்ட காகிதம். அந்தக் கதையை அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

பிரிட்டிஷ் எல்லையும் பிரெஞ்சு எல்லையும்

1879ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. அன்று முதல் ரயிலில் புதுவை செல்பவர் எவரும் விழுப்புரம் சந்திப்பைக் கடக்காமல் செல்ல இயலாது. சாலை வழியே சென்னையிலிருந்து வருபவருக்குத் திண்டிவனமே வாயில். இவ்விரு ஊர்களும் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. சில கல் தொலைவு கிழக்கே சென்றால் பிரெஞ்சுக்காரரின் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஒரே மொழி பேசும் மக்கள், ஒரே நிலம். ஆயினும் கோட்டுக்கு இப்பால் சிறைக்கு அனுப்பும் ஒரு சொல்லைக் கோட்டுக்கு அப்பால் அச்சிட முடிந்தது.

1906ஆம் ஆண்டு சென்னையில் 'இந்தியா' என்னும் வார இதழ் தொடங்கப்பட்டது. அதன் எழுத்துக்கு உயிர் கொடுத்தவர் சுப்பிரமணிய பாரதியார். சட்டப்படி ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்தவரோ எம். சீனிவாசன் என்பவர். 1908இல் அரசு இதழின்மீது இராஜத்துரோக வழக்குத் தொடுத்தபோது சீனிவாசன் கைது செய்யப்பட்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். அதே ஆண்டு அக்டோபரில் 'இந்தியா' அங்கிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது.

பிரெஞ்சு மண்ணில் அச்சகத்தைத் தொட பிரிட்டிஷாருக்கு அதிகாரம் இல்லை. எனவே அவர்கள் வாசகரைத் தொட்டார்கள். இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. புதுவையில் ஒற்றர்கள் வீடு பிடித்துத் தங்கினார்கள். கடிதங்கள் வழியில் பிரித்துப் படிக்கப்பட்டன. 1910இல் கடுமையான பத்திரிகைச் சட்டம் வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தோடு 'இந்தியா' நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு பாரதியாரின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய நூல்கள் தடை செய்யப்பட்டன.

பத்தாண்டுக் காலம் புதுவையில் கழித்த பாரதியார் 1918 நவம்பரில் எல்லையைக் கடந்தார். கடந்தவுடன் கைது செய்யப்பட்டு, கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கும் மேலாக அடைக்கப்பட்டார். குறிப்பிட்ட பகுதியில்தான் வசிக்க வேண்டும், எழுதுவதை அச்சிடுமுன் காவல்துறை அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு விடுவிக்கப்பட்டார். தமிழில் புதிய உரைநடையையும் புதிய கவிதையையும் தந்த ஒருவர், தாம் எழுதிய வரிகளை ஒரு காவல் அதிகாரியின் மேசையில் வைத்துக் காத்திருக்க வேண்டிய நிலை. 1920இல் அக்கட்டுப்பாடுகள் நீங்கின. அவ்வாண்டிலேயே அவர் பொட்டல்புதூரில் முஸ்லிம்களின் முன்னிலையில் இஸ்லாத்தின் மேன்மை குறித்து உரையாற்றினார் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

இறந்த பின்னும் தடை அவரைத் தொடர்ந்தது. 1928இல் அவருடைய தேசியப் பாடல் நூல்களை பர்மா அரசு தடைசெய்ய, சென்னை அரசும் அதைப் பின்பற்றிப் படிகளைப் பறிமுதல் செய்தது. சென்னைச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்து இதைக் கண்டித்தார். பெருவாரியான உறுப்பினர்கள் அவருக்கு ஆதரவாக வாக்களித்தனர்.

இதுவரை கதை எளிமையானது. ஆள்பவன் அந்நியன்; எழுதுபவன் நம்மவன். யார் பக்கம் நிற்பது என்பதில் எவருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் ஆட்சி நம்மவர் கைக்கு வந்த பிறகே உண்மையான சோதனை தொடங்கியது.

ஓமந்தூராரின் இரண்டு முடிவுகள்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்தவர் இராமசாமி ரெட்டியார். விவசாயக் குடும்பத்தவர், வள்ளலாரிடமும் இரமண மகரிஷியிடமும் ஆழ்ந்த பற்றுடையவர். 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சராக இருந்தார். நாடு விடுதலை பெற்ற நாளில் இம்மாகாணத்தை ஆண்டவர் நம் ஊர்க்காரர். ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் 1947இல் அவருடைய ஆட்சியில் நிறைவேறின. கட்சிக்காரர்களின் பரிந்துரைகளுக்கு வளையாத நேர்மையாளர் என்று எதிரிகளாலும் மதிக்கப்பட்டவர்.

அவருடைய காலத்தில்தான் பாரதி பாடல்கள் குறித்த வழக்கு நாட்டில் பெரும் பேச்சாயிற்று. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் வெளியிட்ட 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியதால் தகராறு எழுந்தது. ஒரு தனி மனிதரின் அனுமதி பெற்றுத்தான் தமிழன் பாரதியைப் பாட வேண்டுமா என்ற கேள்வி பிறந்தது. நாரண. துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் கண்டு போராடினார்கள். மெய்யப்பச் செட்டியார் பணம் ஏதும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949 மார்ச்சில் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார், பாரதி நூல்களின் பதிப்புரிமையை அரசே ஏற்கும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். 1955இல் அவை பொதுமக்களின் உடைமையாக்கப்பட்டன. ஓர் எழுத்தாளனின் படைப்புகளை அரசே பெற்று மக்களுக்கு வழங்கியது இந்நாட்டில் முன்னுவமை இல்லாத செயல். எல்லையில் தடுக்கப்பட்ட எழுத்தை, அந்த எல்லைக்கு அருகே பிறந்தவரின் அரசு விடுதலை செய்தது.

இது முதல் முடிவு. இரண்டாவது முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இராவணனைக் காவியத் தலைவனாக்கிப் புலவர் குழந்தை இயற்றிய 'இராவண காவியம்' 1946இல் வெளிவந்தது. ஏறத்தாழ 3100 பாடல்கள் கொண்ட பெருநூல். 1948இல் சென்னை அரசு அதைத் தடை செய்தது. அவ்வாண்டு மார்ச்சில் திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படையும் தடை செய்யப்பட்டிருந்தது. காவியத்தின் மீதான தடை நீங்க 1971 வரை, அதாவது 23 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் ஆட்சியே மாறிவிட்டது.

பாரதியை விடுவித்ததும் புலவர் குழந்தையைப் பூட்டியதும் ஒரே அமைச்சரவை. ஓமந்தூராரின் நேர்மையில் ஐயம் கொள்ள இடமில்லை. ஆனால் தமக்கு உவப்பான எழுத்துக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதும், தம் நம்பிக்கையைக் காயப்படுத்தும் எழுத்துக்குப் பூட்டு வேண்டும் என்பதும் நல்ல மனிதர்களுக்கும் எளிதில் வரும் எண்ணங்கள். இந்த வலையில் நாமும் வீழ்ந்திருக்கிறோமா என்பதே இங்கு நம் கேள்வி.

அரசியல் நிர்ணய சபையில் ஒரு முஸ்லிம் குரல்

1948 மார்ச்சு 10ஆம் நாள் சென்னையில் கூடி, காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிபின் தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது. பிரிவினையின் இரத்தம் காயாத காலம். ஒவ்வொரு முஸ்லிமும் தன் நாட்டுப்பற்றை நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலம். அந்தச் சூழலில், அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், பேச்சுரிமை பற்றிய விதி அரசியல் நிர்ணய சபையின் விவாதத்துக்கு வந்தது. உரிமையை ஒரு கையால் கொடுத்து, அதைக் கட்டுப்படுத்தும் துணைவிதிகளால் மறு கையால் எடுத்துக்கொள்வதாகப் பல உறுப்பினர்கள் குறைகூறினார்கள். அத்துணைவிதிகளையே நீக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர்களுள் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற முஸ்லிம் லீக் உறுப்பினர் மஹ்பூப் அலி பேக் சாஹிப் பகதூரும் ஒருவர்.

அவருடைய திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆயினும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட ஒரு சிறுபான்மைச் சமுதாயத்தின் பிரதிநிதி, தன் மக்களுக்கு மட்டும் பாதுகாப்புக் கேட்காமல், எல்லாக் குடிமக்களின் நாவுக்கும் பாதுகாப்புக் கேட்டார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசின் கையில் குவிந்தால் அது முதலில் யார்மீது பாயும் என்பதை அவரைப் போன்றோர் உணர்ந்திருந்தார்கள்.

அவர் அஞ்சியதை உறுதிப்படுத்தும் வழக்கும் சென்னை மாகாணத்திலிருந்தே வந்தது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் இதழ் சென்னைக்குள் நுழைய, 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1950 மார்ச்சில் தடை விதிக்கப்பட்டது. வெள்ளைக்காரன் 'இந்தியா' இதழை எல்லையில் நிறுத்திய அதே முறை. இப்போது நிறுத்தியது சுதந்திர அரசு. அவ்வாண்டு மே 26இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழரான பதஞ்சலி சாஸ்திரி. அரசின் பக்கம் நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சையத் ஃபஸ்ல் அலி. ஒரு முஸ்லிம் உறுப்பினர் எல்லையற்ற உரிமை கேட்டார். ஒரு முஸ்லிம் நீதிபதி பொது அமைதிக்கு முதலிடம் தந்தார். இதில் சமுதாயத்துக்கென்று ஒரே கருத்து அன்றும் இல்லை. அடுத்த ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கின் பெயரால் பேச்சைக் கட்டுப்படுத்த அரசுக்கு வழி செய்தது.

நம் காயமும் நாம் கேட்ட சட்டமும்

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நெருங்கி வருவோம். 1924இல் லாகூரில் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தி ஒரு சிறுநூல் வெளிவந்தது. வெளியிட்டவரை 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அன்றைய சட்டத்தில் அக்குற்றத்துக்கு இடமில்லை என்று காரணம் கூறியது. முஸ்லிம்களின் கொந்தளிப்பைத் தொடர்ந்து அவ்வாண்டிலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1929இல் அந்த வெளியீட்டாளர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்ற இளைஞர் தூக்கிலிடப்பட்டார். இரண்டு வீடுகளில் மரண ஓலம். நூலோ முன்னிலும் அதிகமாகப் பேசப்பட்டது.

அச்சட்டம் மத்தியச் சட்டசபையில் விவாதிக்கப்பட்டபோது முஹம்மது அலி ஜின்னா ஒன்றை வலியுறுத்தினார்: வரலாற்றை ஆராய்வோரும், ஒரு மதத்தை நேர்மையான நோக்கத்தோடு விமர்சிப்போரும் இச்சட்டத்தால் தண்டிக்கப்படக் கூடாது. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு புண்படுத்துவதே குற்றம் என்ற வாசகம் சட்டத்தில் இடம்பெற்றது. அந்த நுண்ணிய வேறுபாட்டைப் பிற்காலத்தில் காவல் நிலையங்களும் கூட்டங்களும் மறந்தன. நாம் கேட்டு வாங்கிய சட்டத்தின் கீழ் இன்று எல்லா மதத்தவரும் எல்லாரையும் இழுக்கிறார்கள். அவர்களுள் நம் பிள்ளைகளும் உண்டு.

2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படம் வெளியாகவிருந்தபோது முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. மாவட்ட ஆட்சியர்கள் 144 தடையாணை பிறப்பித்தார்கள். ஒற்றை நீதிபதி தடையை நீக்க, இரு நீதிபதிகள் அமர்வு மீண்டும் நிறுத்திவைத்தது. நாட்டை விட்டே செல்ல நேரலாம் என்று கமல்ஹாசன் கூறினார். பின்னர் அரசு முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்து, சில காட்சிகளில் மாற்றம் செய்யப்பட்டு, பிப்ரவரி 7இல் படம் வெளிவந்தது. நம் மனக்குறை உண்மையானது. ஆனால் படம் பார்த்தவர்களின் மனத்தில் முஸ்லிமைப் பற்றிய சித்திரம் மாறிற்றா? தகராறே படத்துக்கு விளம்பரமாயிற்று.

இரண்டாண்டுகள் கழியுமுன் அதே வழி வேறொருவர்மீது திரும்பியது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் போராட்டம் எழுந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சு' நடந்தது. வெளியே வந்த எழுத்தாளர், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, எழுத்துக்குத் திரும்புமாறு அவரைக் கேட்டுக்கொண்டது. கூட்டத்தின் மிரட்டலுக்கு அஞ்சி அரசு பேச்சுரிமையைப் பறிகொடுக்கலாகாது என்பதை, 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்ப்பட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989லேயே தெளிவாக்கியிருந்தது.

நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் எழுதிய ஒரு கட்டுரைக்காக 2007இல் ஜமாஅத் அவரை ஊர்விலக்கம் செய்தது. அவர் எழுதியதை நானும் ஏற்கவில்லை. ஆனால் ஒரு தவறான கட்டுரைக்கு மறுப்பு, ஒரு சரியான கட்டுரையாக இருக்க முடியும். ஊர்விலக்கம் என்பது கருத்தை மறுப்பதில்லை. அதில் எழுதியவரோடு அவர் வீட்டாரும் தண்டனை அனுபவிக்கிறார்கள்.

இமாம்கள் காட்டிய வழி

கருத்துச் சுதந்திரம் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். கி.பி. 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டதே என்ற கொள்கையை அறிஞர்கள் அனைவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். 'மிஹ்னா' என்று வரலாறு அழைக்கும் சோதனை அது. கிரேக்க நூல்களை அரபியில் பெயர்க்கச் செய்த, அறிவை ஆதரித்த அதே மஃமூன்தான் இந்த ஆணையைப் பிறப்பித்தார். பலர் பணிந்தனர். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) பணியவில்லை. அடுத்த கலீஃபா முஃதஸிமின் காலத்தில் சிறையில் சவுக்கடி பட்டார்கள். இன்று மஃமூனின் கொள்கை நூல்களில் மட்டும் கிடக்கிறது. இமாமின் மத்ஹப் உயிரோடு இருக்கிறது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் செயல் இன்னும் நுட்பமானது. அவர்களுடைய 'முவத்தா' நூலைப் பேரரசு முழுவதற்கும் ஒரே சட்டமாக்க அப்பாஸிய கலீஃபா விரும்பினார். தம் நூலே சட்டமாகும் வாய்ப்பை இமாம் மறுத்தார்கள். நபித்தோழர்கள் பல நாடுகளுக்கும் பரவிச் சென்றார்கள், அந்தந்த மக்களிடம் அவர்கள் வழி வந்த அறிவு இருக்கிறது, அதைப் பறிக்க வேண்டாம் என்பது அவர்களின் கருத்து. அடிபட்டபோது தன் கருத்துக்காக நிற்பது வீரம். அதிகாரம் கைக்கு வந்தபோது பிறர் கருத்துக்கு இடம் விடுவது அதனினும் பெரிய வீரம். ஓமந்தூரார் அரசு 1948இல் தவறவிட்டது இதைத்தான்.

இறைமறையும் நமக்கு வழி காட்டாமல் விடவில்லை. மக்கத்துக் குறைஷியர் குர்ஆனைக் காதில் விழாமல் செய்யக் கூச்சலிடுமாறு தம்மவரைத் தூண்டியதை அது பதிவு செய்கிறது (41:26). ஆகவே கூச்சலிட்டு வாயடைப்பது நமக்கு எதிராகக் கையாளப்பட்ட கருவி. இறைவசனங்கள் கேலி செய்யப்படும் அவையில் அமராமல் விலகுமாறும், பேச்சு வேறு திசைக்கு மாறும்வரை அவர்களோடு இருக்கலாகாது என்றும் அது போதிக்கிறது (4:140). பிறர் வணங்குபவற்றை ஏசுவதையும் தடுக்கிறது (6:108). இழிவுக்கு உடன்படாமல் எழுந்து செல்வது, நாம் பிறரை இழிவு செய்யாதிருப்பது, அழகிய முறையில் வாதிடுவது ஆகிய மூன்றும் நம் கடமைகள்.

நாகரிகமாகப் பேச வேண்டும் என்று கோருவதும், நாகரிகமற்ற பேச்சைச் சிறையிலடைக்க வேண்டும் என்று கோருவதும் ஒன்றல்ல. முன்னது ஒழுக்கம், அதை எவரிடமும் கேட்க நமக்கு உரிமை உண்டு. பின்னது அதிகாரம், அதை இன்று நாம் அரசுக்குக் கொடுத்தால், நாளை அது யார் கையில் இருக்கும் என்பது நமக்குத் தெரியாது. வன்முறைக்கு நேரடியாகத் தூண்டும் பேச்சு இதில் சேராது. ஒரு தெருவை எரிக்கச் சொல்பவன் கருத்துரைப்பவன் அல்லன். அவன்மீது சட்டம் பாய வேண்டும் என்று கேட்பது நம் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அப்படியானால் சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?" என்றான்.

"இல்லை. நீ எழுது. அந்தப் படம் எங்கே பொய் சொல்கிறது என்று பெயரோடும் ஆதாரத்தோடும் எழுது. நம் தெருவின் கதையை நாம் சொல்லாதவரை, தெரியாதவர்கள்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்" என்றேன். அவன் முழுமையாக ஏற்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஏற்காமல் இருக்கும் உரிமையும் அவனுக்கு உண்டு.

மறுவாரம் நான்கு பக்கம் எழுதி எடுத்து வந்தான். இரண்டு இடங்களில் கோபம் மிகுந்திருந்தது. ஓரிடத்தில் என்னையே மறுத்திருந்தான். கோபத்தைக் குறைக்கச் சொன்னேன். மறுப்பை அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.

உண்மையை அழகிய முறையில் சொல்லும் நாவையும், பிறர் சொல்வதைக் கேட்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக.